திருகாத வால்வும் தீராத கணக்கும்

(தொழிலாளர் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பைக் கேட்டதும் நண்பர்கள் சிலர் நகைத்தனர். "நாடகம் எழுதுகிறவனை அழைத்து நாட்டு நடப்பைப் பேசச் சொல்லலாம், எரிவாயுக் குழாயையும் அதிலே மாட்டியிருக்கும் வால்வையும் பற்றிப் பேசச் சொல்கிறார்களே, இது என்ன வேடிக்கை!" என்றனர். வேடிக்கை அல்ல, தோழர்களே. குழாயைச் செய்வது பொறியாளர் வேலை. செய்த குழாயைச் சோதித்தாயா என்று கேட்பது அரசின் வேலை. கேட்டாயா என்று அந்த அரசைக் கேட்பது நம்முடைய வேலை! அந்த மூன்றாவது வேலையைச் செய்வதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பொறுமையும் பிடிவாதமும் போதும்.

வால்வு என்றேன். கலைச்சொல் தேடுவோர் ஓரதர் என்பர், அடைப்பிதழ் என்பர். ஆலையிலே அதைத் திருகுகிற தொழிலாளி வால்வு என்றுதான் சொல்கிறான். கைவைத்துப் பழகியவன் சொல்லையே நானும் எடுத்துக்கொள்கிறேன். அது யாது? நம் ஏரிக்கு மதகு இருக்கிறதே, அதுதான். மதகைத் திறந்தால் நீர் பாயும், அடைத்தால் நிற்கும். எண்ணெயும் எரிவாயும் ஓடுகின்ற குழாய்க்கு இடையிடையே வைத்த மதகுதான் வால்வு. குழாய் எங்கேனும் வெடித்தால், வெடித்த இடத்துக்கு இப்புறம் ஒன்றும் அப்புறம் ஒன்றுமாக இரண்டு வால்வுகளை மூடிவிட்டால், நடுவிலே சிக்கிய வாயு எரிந்து தீரும், நெருப்பு அடங்கும். மூடாவிட்டால்? குழாய் ஊட்டிக்கொண்டே இருக்கும், நெருப்பு உண்டுகொண்டே இருக்கும்!

ஆனால் இந்த மதகுக்கு ஒரு குணம் உண்டு. ஆண்டுக்கணக்கில் அசைக்காமல் விட்டால், ஆபத்து வந்த நாளில் அசைய மறுக்கும். கிரீஸ் காய்ந்துபோகும். துரு ஏறும். சக்கரம் இறுகும். மண்ணுக்குள் இருக்கும் வால்வுத் தொட்டியை மழைநீர் நிரப்பும். மூடிமீது சாலை போடுகிறவர் தாரைக் கொட்டிப் போய்விடுவார். வால்வு எங்கே என்று தேடுவதற்கே ஒரு மணி நேரம் வேண்டும். ஆகவேதான் அமெரிக்கக் கூட்டரசின் விதி கூறுகிறது: எரிவாயு கொண்டுசெல்லும் பெருங்குழாயில், நெருக்கடியிலே தேவைப்படக்கூடிய ஒவ்வொரு வால்வையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும், 15 திங்களுக்கு மேற்படாத இடைவெளியில் சோதிக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, சிறிதளவேனும் திருகிப் பார்க்க வேண்டும். முழுவதும் மூடினால் ஊருக்கு அடுப்பெரியாது என்பதால் சிறிதளவு என்றார்கள். எண்ணெய்க் குழாய் வால்வுகளுக்கோ ஆண்டுக்கு இரு முறை. இடைவெளி ஏழரைத் திங்களைத் தாண்டக் கூடாது.

நல்ல விதி. குறை சொல்ல இயலாத விதி. இந்த விதி வாழ்ந்துகொண்டிருந்த நாட்டில்தான் சான் புரூனோ எரிந்தது!

சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே, விமான நிலையத்தை அடுத்து இருக்கிறது சான் புரூனோ. 2010 செப்டம்பர் 9. மாலை 6 மணி 11 நிமிடம். உழைத்தவர் வீடு திரும்பும் நேரம். உலை ஏறும் நேரம். தெருவுக்கு அடியிலே 30 அங்குலக் குறுக்களவுள்ள எரிவாயுக் குழாய் ஒன்று கிடந்தது. 1956இல் புதைத்தது. அது பிளந்தது! ஏறத்தாழ 3,000 பவுண்டு எடையுள்ள குழாய்த் துண்டு நூறு அடி தொலைவுக்கு வீசி எறியப்பட்டது. விமானம் விழுந்துவிட்டது என்றே மக்கள் நினைத்தனர். தீயணைப்புப் படையினர் விரைந்து வந்தனர்; வந்தவர் தெருக் குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. வெடிப்பிலே தண்ணீர்க் குழாயும் உடைந்திருந்தது. 8 பேர் மாண்டனர். 38 வீடுகள் அழிந்தன.

வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் இப்புறமும் அப்புறமும் வால்வுகள் இருந்தன. அவை கெட்டுப்போனவை அல்ல. இதை நன்றாக மனத்தில் வையுங்கள். திருகியபோது அவை ஒழுங்காக மூடிக்கொண்டன. திருக ஆள் வந்து சேரத்தான் நேரம் பிடித்தது. குழாய்க்கு உரிமையுடைய பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையிலே அழுத்தம் சரிவதைக் கருவிகள் காட்டின. ஆனால் அங்கிருந்தபடி மூடுவதற்கு அந்த வால்வுகளில் வசதி இல்லை. நிறுவனம் முதலில் அனுப்பிய ஊழியர் வால்வைத் திருகப் பயிற்சி பெற்றவர் அல்லர். பணி முடிந்து போயிருந்த மெக்கானிக் ஒருவர் செய்தியறிந்து, தாமாகவே புறப்பட்டு, கிடங்குக்குச் சென்று கருவிகளை எடுத்துக்கொண்டு, தோழர் ஒருவருடன் வால்வை நோக்கி விரைந்தார். 7.30க்கு ஒருபுறம் மூடினர். 7.46க்கு மறுபுறம் மூடினர். மொத்தம் 95 நிமிடம்!

தொண்ணூற்றைந்து நிமிடம் என்றால் என்ன? நான் எழுதும் நாடகத்தில் முதற்பாதி முடிந்து, இடைவேளையில் தேநீர் குடித்து, மறுபடி திரை தூக்குகிற வரை ஆகும் நேரம். அவ்வளவு நேரம் ஒரு தெரு எரிந்துகொண்டிருந்தது.

நெருப்பை நிறுத்திய கை எவர் கை? தலைமை அதிகாரியின் கையா? பங்குதாரர் கையா? கூலிக்கு உழைக்கும் தொழிலாளியின் கை! போ என்று ஆணை வரும் வரை காத்திராமல் போன கை! இந்த மேடையில் அந்த இருவருக்கும் நம் வணக்கம் உரித்தாகட்டும்.

இனி அந்நிறுவனத்தின் மூளை என்ன செய்தது என்று பாருங்கள். வெடிப்புக்கு நான்காண்டு முன்னர், 2006இல், தானாக மூடிக்கொள்ளும் வால்வுகளைப் பொருத்தலாமா என்று தங்களுக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதினார்கள். சேதத்திற் பெரும்பகுதி முதல் 30 நொடியிலேயே நிகழ்ந்துவிடுமாம். ஆகவே அத்தகைய வால்வால் உயிருக்கோ உடைமைக்கோ பெரும்பயன் இல்லையாம்! முப்பது நொடிக்குள் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டவர்களின் நெருப்பு மூன்று நிமிடமா எரிந்தது? ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. இத்தனைக்கும் இது புதிய பாடமும் அன்று. 1994இல் நியூ செர்சி மாநிலத்து எடிசன் நகரில் 36 அங்குலக் குழாய் வெடித்து, அடுக்குமாடி வீடுகள் எரிந்தபோது, கையால் திருகும் வால்வை மூடி வாயுவை நிறுத்த ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பதினாறு ஆண்டு இடைவெளியில் அதே பாடம் திரும்ப வந்தது. படிக்க வேண்டியவர் படிக்கவில்லை.

"நிறுவனம் அப்படித்தான் இருக்கும், இலாபம் அதன் மதம். அரசு எங்கே போயிற்று?" என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். கலிபோர்னியாவில் பொதுப் பயன்பாட்டு ஆணையம் என்றொரு அமைப்பு உண்டு. கட்டணத்தை நிர்ணயிப்பதும் அதுவே, பாதுகாப்பைக் கண்காணிப்பதும் அதுவே. அங்கே கண்காணிப்பு எப்படி நடக்கும் என்பதை நாடகக்காரன் ஒருவன் எழுதினால் எப்படியிருக்கும்? சிறு காட்சி. கற்பனைதான்.

ஆய்வாளர்: வால்வைச் சோதித்தீர்களா?

நிறுவனத்தார்: சோதித்தோம். இதோ பதிவேடு.

ஆய்வாளர்: எழுதியவர் யார்?

நிறுவனத்தார்: எங்கள் ஆள்.

ஆய்வாளர்: சரிபார்த்தவர்?

நிறுவனத்தார்: அவருக்கு மேலே இருக்கும் எங்கள் ஆள்.

ஆய்வாளர்: வால்வை நான் ஒருமுறை பார்க்கலாமா?

நிறுவனத்தார்: தாராளமாக! பத்து மைல் போக வேண்டும். வெயில் கடுமை. காப்பியும் ஆறிவிடும்.

ஆய்வாளர்: பதிவேடு மிக ஒழுங்காக இருக்கிறது.

(கையொப்பமிடுகிறார். திரை விழுகிறது.)

சிரிக்கிறீர்கள். ஆனால் உண்மை கற்பனையை மிஞ்சியது, தோழர்களே! வெடித்த குழாயைப் பற்றி நிறுவனத்தின் பதிவேடு என்ன கூறிற்று தெரியுமா? இணைப்பற்ற குழாய், நெடுக்குவாட்டில் பற்றவைப்பே இல்லாத குழாய் என்று கூறிற்று. மண்ணைத் தோண்டிப் பார்த்தால், குறுந்துண்டுகளை ஒட்டவைத்துக் குறையோடு பற்றவைத்த குழாய் கிடந்தது! தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓராண்டு விசாரித்து 2011இல் அறிக்கை தந்தது. நிறுவனத்தைக் குற்றவாளி என்று சொன்னதோடு அது நிற்கவில்லை. பழைய குழாய்களுக்கு அழுத்தச் சோதனையிலிருந்து விலக்கு அளித்த அரசையும், நிறுவனத்தின் குறைகளைக் கண்டுபிடிக்கத் தவறிய ஆணையத்தையும் சேர்த்தே சுட்டிற்று. எழுபது ஆண்டு உழைத்த கிழவனுக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுக்கலாம். கிழக் குழாய்க்குச் சோதனையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள்! வயது ஏற ஏறச் சோதனையும் ஏற வேண்டிய பொருளுக்கு, வயதானதையே விலக்குக்குக் காரணமாக்கினார்கள்.

2012இல் ஆணையத்தின் பொருட்டு நடந்த தணிக்கை வேறொன்றையும் வெளியிட்டது. எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்புக்கும் இயக்கத்துக்கும் என்று மக்களிடம் வசூலித்த பணத்தில் 10 கோடி டாலருக்கு மேல் வேறு வழியிலே செலவாகியிருந்தது; பங்குதாரர் இலாபமும் அதிகாரிகளின் ஊக்கத் தொகையும் அந்த வழிகளில் அடங்கும். 2014இல், ஆணையத்தின் மேல்மட்டத்தாரும் நிறுவனத்தின் மேல்மட்டத்தாரும் குலவிக்கொண்ட மின்னஞ்சல்கள் வெளிவந்து நாறின. எந்த நீதியாளர் வழக்கைக் கேட்பது என்பது வரையில் அந்தக் குலாவல் போயிருந்தது. காவலனும் களவாணியும் ஒரே திண்ணையில் தாயம் உருட்டினால் களஞ்சியம் என்ன ஆகும்?

பிறகு தண்டனை வந்தது. 2015இல் அதே ஆணையம் 160 கோடி டாலர் சுமத்தியது. அதில் 85 கோடி குழாய்ப் பாதுகாப்புப் பணிக்கே செலவிட வேண்டும் என்றது. அது பெரிய தொகை, நான் மறுக்கவில்லை. 2016இல் கூட்டரசு நீதிமன்றத்து நடுவர் குழு, குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது, விசாரணைக்கு இடையூறு செய்தது என ஆறு குற்றங்களில் நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. அரசுத் தரப்பு முதலில் கேட்க இருந்த அபராதம் 56 கோடியே 20 இலட்சம் டாலர் வரை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அது 60 இலட்சமாகச் சுருங்கிற்று. 2017இல் தீர்ப்பளித்தபோது 30 இலட்சமாயிற்று. ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 10,000 மணி நேரச் சமூகப் பணி. சிறை? நிறுவனத்துக்கு உடல் ஏது, விலங்கு மாட்ட! தனி மனிதர் ஒருவர்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை.

இதைச் சட்டத்தின் செயலாக்கம் என்று சொல்வோர் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். சாவுக்குப் பின் வசூலிப்பது சாவு வரி. சாவுக்கு முன் சென்று சக்கரத்தைத் திருகச் சொல்லி, கடிகாரத்தைக் கையில் பிடித்து, "உன் ஆள் எங்கிருந்து வருகிறான், எத்தனை நிமிடத்தில் வருகிறான், சாவி யாரிடம்?" என்று கேட்பதுதான் செயலாக்கம். சான் புரூனோவின் பாடமே இதுதான்: வால்வு அசைகிறதா என்று சோதிக்க விதி இருந்தது, வால்வை நோக்கி ஆள் அசைகிறானா என்று சோதிக்க எவரும் இல்லை.

"தொலைவிலிருந்தே இயக்கும் வால்வு வைத்துவிட்டால் தீர்ந்தது" என்பாரும் உளர். அதே 2010இல், சூலை 25 அன்று, மிச்சிகன் மாநிலத்து மார்சல் நகரருகே எண்ணெய்க் குழாய் கிழிந்தது. அந்த என்பிரிட்ஜ் நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து மூடும் வசதி இருந்தது. பொத்தானைத் தட்டினால் சில நிமிட வேலை. அபாயமணி ஒலித்தது, மறுபடி ஒலித்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள், குழாய்க்குள் ஏதோ வெற்றிடம் போலும் என்று எண்ணி, ஒரு முறை அல்ல, இரு முறை எண்ணெயை மீண்டும் ஏற்றினார்கள்! 17 மணி நேரம் கழித்து வெளியார் ஒருவர் தொலைபேசியில் சொன்ன பிறகே மூடினார்கள். அதற்குள் 8 இலட்சம் காலனுக்கு மேல் எண்ணெய் வெளியேறி, கலமசூ ஆறு கறுத்துப்போயிற்று. கருவி வாங்கிக் கொடுத்தால் போதாது. கருவியை நம்பக் கற்ற ஆளும், அந்த ஆளைச் சோதிக்கும் அரசும் வேண்டும்.

நம் தோழர்கள் சிலரிடம் ஒரு நம்பிக்கை உண்டு. ஆட்சி நம் கைக்கு வந்தால் இவையெல்லாம் தாமே சரியாகிவிடும் என்பது. மனம் நோகாமல் கேளுங்கள். கலிபோர்னியாவை இரு கட்சி ஆளுநர்களும் மாறி மாறி ஆண்டார்கள், ஆணையம் மாறவில்லை. இரு விபத்துக்களுக்கும் பிறகு, புதுக் குழாய்களுக்குத் தானியங்கி அல்லது தொலைவியக்க வால்வு வேண்டும் என்று விதி செய்ய அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 2012 சனவரியில் அது கையொப்பமாயிற்று. இரண்டாண்டில் செய்க என்றது சட்டம். விதி வந்தது 2022இல்! நடுவே மூன்று குடியரசுத் தலைவர்கள். வந்த விதியும் புதிதாகப் போடுகின்ற, அல்லது மாற்றிப் போடுகின்ற பெருங்குழாய்களுக்குத்தான். பிளவு என்று கண்டுகொண்ட 30 நிமிடத்துக்குள் மூடவேண்டுமாம். முன்பே புதைந்து கிடப்பவை இருந்தபடியே இருக்கும். நாற்காலி மாறுவதனாலேயே பதிவேடு நேர்மையாகிவிடாது, தோழர்களே. நம்மவர் அமர்ந்த நாற்காலியானாலும் நாம் போய்க் கேட்க வேண்டும்.

இனி இந்தியாவுக்கு வருகிறேன். 2009 அக்டோபர் 29. ஜெய்ப்பூரில் சீதாபுரா. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பெட்ரோல் கிடங்கு. தொட்டியிலிருந்து குழாய் வழியே பெட்ரோலை அனுப்ப முற்பட்டபோது, வால்வு ஒன்றின் வாயிலிருந்து பெட்ரோல் பீறிட்டது. மூடப் போனவர் நெருங்க முடியாதபடி ஆவி சூழ்ந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொட்டி வால்வை மூடியிருக்கலாமே? அதற்கென்று வைத்த ஏற்பாடு வேலை செய்யும் நிலையில் இல்லை! ஒரு மணி நேரத்துக்கு மேல் பெட்ரோல் பாய்ந்து, ஆவி பரவி, தீப்பற்றியது. பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். நெருப்பு ஒரு வாரத்துக்கு மேல் எரிந்தது. பிறகு 2014 சூன் 27 விடியற்காலையில், ஆந்திரத்துக் கோதாவரிப் படுகையில் நகரம் என்னும் சிற்றூர். கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்து, இருபதுக்கும் மேற்பட்டோர் உறக்கத்திலும் அடுப்படியிலும் தீய்ந்தனர். உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈரவாயுவை ஓடவிட்டார்கள்; குழாய் அரித்தது. இரண்டும் தனியார் நிறுவனங்கள் அல்ல. இந்திய அரசின் நிறுவனங்கள்!

இங்கே கண்காணிப்பவர் யார்? எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் 1986இல் ஏற்பட்டது. அது எந்த அமைச்சகத்தின் கீழ்? பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ். நிறுவனங்கள் எந்த அமைச்சகத்தின் கீழ்? அதே அமைச்சகத்தின் கீழ்! சோதிக்கப் போகின்ற வல்லுநர்களிற் பலர் எண்ணெய் நிறுவனங்களிலிருந்தே அயற்பணியில் வருபவர்கள். நாளை மீண்டும் தாய் நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டியவர் இன்று எவ்வளவு கடுமையாகக் கேள்வி கேட்பார்? 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒழுங்குமுறை வாரியம் ஒன்றும் இருக்கிறது, விதிகளும் வகுத்திருக்கிறது. கள்ளுக்கடைக்காரரை மதுவிலக்கு அதிகாரியாக்கிவிட்டு, பக்கத்திலே ஒரு வாரியத்தை உட்காரவைத்தால், கடை மூடுமா?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்தாம் நூற்றாண்டு, பராந்தக சோழன் காலம். ஏரியைக் காக்க ஏரி வாரியம் இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக முடியாது. அவருடைய உறவினரும் ஆக முடியாது. அந்தச் சபை ஒரு சாதியார் சபை, நிலமுடையார் சபை; அதைக் குடியாட்சிக் கோபுரம் என்று கொண்டாட நான் வரவில்லை. ஆனால் மதகைக் காப்பவன் கணக்குக் காட்ட வேண்டும் என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது. ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து, எரிவாயு மதகுக்குக் கணக்கு எங்கே என்று நாம் கேட்டால் தேசப் பாதுகாப்பு என்கிறார்கள்.

நம் மண்ணிலும் குழாய்கள் ஓடுகின்றன. காவிரிப் படுகையில் ஓடுகின்றன. எண்ணூரிலிருந்து தூத்துக்குடி நோக்கி ஒரு பெருவழி வகுத்திருக்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய ஏழு மாவட்டத்து விளைநிலம் வழியே கெயில் குழாய் வகுத்தபோது உழவர்கள் எதிர்த்து நின்றதும், 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்ததும் நாம் அறிந்தவை. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும். பயன்படுத்தும் உரிமை நிறுவனத்துக்கு. அந்த உரிமைக்குச் சட்டம் வகுத்த ஈடு நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து விழுக்காடு. அந்தப் பட்டையில் மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. இத்தனை கூடாதுகளைச் சுமக்கிற உழவனுக்கு, அருகிலுள்ள வால்வைக் கடைசியாகத் திருகிய நாள் எது என்று கேட்கும் உரிமை இல்லையா? அவன் உயிருக்கு வேலி அந்த வால்வு அல்லவா?

இருக்கிறது, தோழர்களே, உரிமை இருக்கிறது. கெயிலும் இந்தியன் ஆயிலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. பத்து ரூபாய்க் கட்டணம். வெள்ளைத் தாள் ஒன்று. குழாய் செல்லும் ஊர்களில் இருக்கும் கிளைக் கழகத் தோழர்கள் இந்த மாதத்துக்குள் எழுதுங்கள். வரைபடம் கேட்காதீர்கள், அதைக் காரணம் காட்டி மறுப்பார்கள். எங்கள் ஊராட்சிக்கு உட்பட்ட வால்வுகளைக் கடந்த மூன்றாண்டில் திருகிச் சோதித்த நாட்கள் எவை? சோதித்தவர் நிறுவனத்தாரா, வெளியாரா? குறை கண்டது எத்தனை முறை, சீர்செய்ய எத்தனை நாள் ஆயிற்று? இரவு இரண்டு மணிக்குக் குழாய் வெடித்தால், வால்வை மூட ஆள் வந்து சேர எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டிருக்கிறீர்கள், அதை ஒத்திகை பார்த்த நாள் எது? இவ்வளவு போதும். முப்பது நாளில் மறுமொழி தர வேண்டும். தராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். வந்த மறுமொழியையும் வராத மறுமொழியையும் படியெடுத்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். உறையின்மீது ஊராட்சியின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுப்புகிற நம் உறுப்பினர்களுக்கு ஊர்ப்பெயர்தான் முதலில் வேண்டும்.